பாட்டி நகையின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய நகையைக் கடைக்கு எடுத்துப் போனால் முதலில் உரைகல்லில் உரசிப் பார்ப்பார்கள், அல்லது இயந்திரத்தில் வைத்து மாற்றுப் பார்ப்பார்கள். பிறகு எடை போடுவார்கள். கல்லுக்கு இவ்வளவு, அரக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சமிருக்கும் பொன்னுக்கு விலை சொல்வார்கள். இந்தக் கணக்கில் நகையின் வயதுக்கு இடமே கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்தர் உட்கார்ந்து கையால் செய்த அட்டிகையும், போன வருஷம் அச்சில் வார்த்த அட்டிகையும் அந்தத் தராசில் ஒன்றுதான். உருக்கிவிட்டால் பழைய வேலைப்பாட்டைத் திரும்பப் பெற வழியில்லை.

பழசைப் போட்டுப் புதுசு வாங்குவது அவரவர் விருப்பம், சில நேரம் அவசியமும்கூட. ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். நகையின் வயதைக் கணிப்பது நிபுணர்களுக்கு மட்டும் உரிய வித்தை இல்லை. ஒரு லென்ஸும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் முக்கால்வாசித் தூரம் நீங்களே போகலாம். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இருக்கும், ஏறக்குறைய கடந்த 150 ஆண்டுகளைச் சேர்ந்த தங்க நகைகளையும் கல் நகைகளையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

## தொடங்கும் முன்: ஒரே ஒரு விதி

முத்திரையில் ஆண்டுக் குறி உள்ள சில நகைகளைத் தவிர, எந்த நகையும் தான் செய்யப்பட்ட வருஷத்தைத் துல்லியமாகச் சொல்லாது. நமக்குக் கிடைக்கக்கூடியது ஒரு கால எல்லை. ‘இதற்கு முன் செய்திருக்க முடியாது’ என்பது ஒரு கோடு. ‘இதற்குப் பின் செய்திருக்க வாய்ப்பில்லை’ என்பது இன்னொரு கோடு. ஒவ்வொரு தடயமும் இந்த இரண்டு கோடுகளையும் நெருக்கிக்கொண்டு வரும்.

இதற்கான விதி எளிது. நகை செய்யப்பட்டபோதே அதில் இருந்த பாகங்களில் எது காலத்தால் மிகப் பிந்தியதோ, அதுதான் முதல் கோட்டை முடிவு செய்கிறது. மற்றதெல்லாம் எவ்வளவு பழைய பாணியில் இருந்தாலும் சரி, 1976இல் சந்தைக்கு வந்த ஒரு கல் அதில் முதலிலிருந்தே பதிக்கப்பட்டிருந்தால், அது பாட்டியின் பாட்டி போட்ட நகையாக இருக்க முடியாது. பின்னாளில் மாற்றிய பாகமாக இருந்தால், அது பழுதுபார்த்த காலத்தை மட்டுமே சொல்லும். எனவே எந்தப் பாகத்தைப் பார்த்தாலும் ‘இது ஆரம்பத்திலிருந்தே இருக்கிறதா, இடையில் வந்ததா?’ என்று கேட்டுப் பழகுங்கள்.

## தேவையான பொருள்கள்

• பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது இதைத்தான்.
• சிறிய டார்ச் விளக்கு.
• மில்லிகிராம் வரை காட்டும் சிறிய தராசு.
• கிட்டத்தில் படம் எடுக்கக்கூடிய கைபேசி.
• வெள்ளைத் துணி, நோட்டுப் புத்தகம், பென்சில்.

நகையைக் கழுவ வேண்டாம். பூந்திக்கொட்டை ஊறிய வெந்நீரில் போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். ஆனால் பின்பக்கம் மூடிய கல் நகைகளுக்கு உள்ளே அரக்கும், கல்லுக்கு அடியில் பளபளப்புக்காக வைத்த மெல்லிய தகடும் இருக்கும். சூட்டில் அரக்கு இளகும். தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல் மங்கிவிடும். மெருகு போடவும் கொடுக்காதீர்கள். நாம் தேடும் தடயங்களில் பாதி மெருகில் அழிந்துபோகும்.

## படி 1: வீட்டில் கிடைக்கும் சான்றுகளைச் சேகரியுங்கள்

முதலில் பெரியவர்களிடம் பேசுங்கள். ‘இது யாருடையது?’ என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். ‘அப்படியே வந்ததா, அழித்துச் செய்ததா?’ என்று கேட்டால்தான் உண்மை கிடைக்கும். ஒரே தங்கம் மூன்று தலைமுறையில் மூன்று உருவம் எடுப்பது நம் குடும்பங்களில் சாதாரணம். ‘கொள்ளுப்பாட்டி நகை’ என்று சொல்வது அந்தத் தங்கத்தைப் பற்றியதாக இருக்கலாம், உருவம் அடுத்த தலைமுறையில் செய்ததாக இருக்கலாம்.

அடுத்து, பழைய கல்யாணப் படங்களைத் தேடுங்கள். ஒரு படத்தில் அந்த நகை கழுத்தில் தெரிந்து, படம் எடுத்த ஆண்டும் தெரிந்தால், இரண்டாவது கோடு உறுதியாகிவிடுகிறது. இதைவிட வலுவான சான்று வீட்டில் கிடைப்பது அரிது.

பிறகு காகிதங்கள். கடை ரசீது, அடகுச் சீட்டு, சீர் எழுதிய பட்டியல், சொத்துப் பிரித்த பத்திரம் எல்லாவற்றையும் பாருங்கள். தேதி கிழிந்து போயிருந்தாலும் அதில் உள்ள அளவுகள் பேசும். கூலியும் விலையும் ரூபாய், அணா, பைசா கணக்கில் இருந்தால் ரசீது 1957 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்க வேண்டும். அந்த மாதம் முதல் தேதியில்தான் நூறு நயா பைசா கொண்ட ரூபாய் நடைமுறைக்கு வந்தது. எடை தோலாவில் இருந்தால் அநேகமாக 1960களின் தொடக்கத்துக்கு முந்தையது. மெட்ரிக் எடைகள் 1958 முதல் படிப்படியாக வந்தன. ஒரு தோலா 11.66 கிராம். ரசீதில் உள்ள எடையைக் கிராமுக்கு மாற்றி, இன்று நீங்கள் போடும் எடையோடு ஒப்பிடுங்கள். தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறைந்திருந்தால் அது அதே நகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கூடியிருந்தால் இடையில் ஏதோ சேர்த்திருக்கிறார்கள்.

## படி 2: வகையை அடையாளம் காணுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்

சில நகைகளின் வகையே காலத்தைச் சொல்லிவிடும். பாம்படம், தண்டட்டி போன்றவற்றை அணிய வேண்டுமானால் காதை வளர்த்திருக்க வேண்டும். தென் மாவட்டங்களில் இருந்த அந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் படிப்படியாக மறைந்தது. ஆகவே உண்மையாக அணிந்து தேய்ந்த பாம்படம் வீட்டில் இருந்தால் அது பெரும்பாலும் இரண்டு மூன்று தலைமுறைக்கு முந்தையது. அதன் கட்டுமானமும் தனி: பெரிய உருண்டைகளும் சதுரங்களுமாகத் தெரிந்தாலும் உள்ளே அரக்கு, வெளியே மெல்லிய தங்கத் தகடு.

ஆனால் அட்டிகை, மாங்காய் மாலை, காசு மாலை, ஜிமிக்கி, ஒட்டியாணம், வங்கி, ராக்கொடி ஆகியவை இன்றும் அதே உருவத்தில் செய்யப்படுகின்றன. நாகர்கோவிலில் உள்ள வடசேரியில் நாட்டியத்துக்கும் கோவிலுக்கும் கெம்பு நகைகள் இன்றும் கைவேலையாகவே உருவாகின்றன. எனவே உருவத்தை மட்டும் பார்த்து ‘இது பழசு’ என்று முடிவுக்கு வரக்கூடாது. உருவம் ஒரு தொடக்கக் குறிப்பு மட்டுமே.

## படி 3: நகையைத் திருப்பிப் பாருங்கள்

ஆரம்பத்தில் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். பழகியவர்கள் கையில் வாங்கியதும் திருப்புவார்கள். முன்பக்கத்தைப் பழைய பாணியில் செய்வது எளிது. யார் கண்ணிலும் படாத பின்பக்கத்தில்தான் செய்தவரின் கருவியும் காலமும் தெரியும். லென்ஸை வைத்து இவற்றைத் தேடுங்கள்.

கைவேலையின் குறிகள்: ஒரே மாதிரி இருக்க வேண்டிய இரண்டு இதழ்கள் நுணுக்கமாக வேறுபடும். சின்னச் சின்ன உருண்டைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் இருக்கும். துளைகளின் ஓரத்தில் உளியோ ரம்பமோ போன தடம் தெரியும். தகடும் கம்பியும் சேரும் இடத்தில் பொடி வைத்து ஊதிய மெல்லிய கோடு தெரியும். பழைய பற்றாசில் மாற்றுக் குறைவாக இருப்பதால் அந்தக் கோடு சற்றுச் சிவந்தோ மங்கியோ தெரிவது உண்டு.

வார்ப்பின் குறிகள்: மெழுகு மாதிரியிலிருந்து அச்செடுத்து ஒரே நேரத்தில் நிறைய வார்க்கும் முறை நம் நகைத் தொழிலில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. அப்படி வார்த்த நகையில் எல்லா இதழ்களும் ஒரே அளவாக, ஒரே குறையோடுகூட இருக்கும். மூலைகள் கூர்மையாக இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். பின்பக்கத்துக் குழிவுகளில் ஊசி குத்தியது போன்ற நுண்துளைகளும் மணல் போன்ற சொரசொரப்பும் தெரியும். உருண்டைகள் தனியாகச் செய்து ஒட்டியவையாக இருக்காது, தகட்டோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும்.

கல் பதித்த விதம்: பழைய கெம்பு நகைகளில் பின்பக்கம் முழுவதும் மூடியிருக்கும். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பை அழுத்தி இறுக்கியிருப்பார்கள். பின்பக்கம் திறந்து, நான்கு பக்கமும் கொக்கி போன்ற கால்கள் கல்லைப் பிடித்திருக்கும் முறை மேல்நாட்டுப் பாணியின் தாக்கத்தில் வைர நகைகளுக்குப் பரவியது. மூடிய பின்பக்கத்தில் அரக்குக்குப் பதில் பளிச்சென்ற பசை கசிந்து காய்ந்திருந்தால், அது புதியது அல்லது புதிதாகப் பழுதுபார்த்தது.

## படி 4: திருகையும் கொக்கியையும் தனியாகப் பாருங்கள்

நகையில் முதலில் தேய்வதும் முதலில் மாற்றப்படுவதும் இவைதான். அதனாலேயே இவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தோடு, மூக்குத்தியின் திருகாணியைக் கழற்றிப் புரியை லென்ஸில் பாருங்கள். பழைய கைவேலையில் மெல்லிய கம்பியைத் தண்டின்மேல் சுற்றிப் பற்ற வைத்துப் புரி உண்டாக்கியிருப்பதைக் காணலாம். புரிகளுக்கு இடையிலான தூரம் சீராக இருக்காது. கருவியால் வெட்டிய இன்றைய புரி கூர்மையாக, ஒரே இடைவெளியில் இருக்கும். இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு ஜோடித் தோட்டின் இரண்டு திருகுகளையும் மாற்றிப் போட முயலுங்கள். கைவேலையில் ஒவ்வொரு திருகும் அதனதன் தண்டுக்கென்றே செய்தது, மாற்றினால் சேராது. வலிந்து மட்டும் திருகாதீர்கள், புரி கெட்டுவிடும்.

தோட்டின் தண்டு நன்றாகத் தேய்ந்திருக்க, திருகு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் திருகு பின்னாளில் வந்தது. அட்டிகையின் கொக்கியில் மட்டும் முத்திரை இருந்து உடம்பில் இல்லாவிட்டாலும் அப்படித்தான். சங்கிலிக் கண்ணிகள் எல்லாம் ஒரே அச்சாக இருந்து, பதக்கம் கைவேலையாக இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி வயது.

## படி 5: கற்களைப் படியுங்கள்

காலத்தைச் சொல்வதில் கற்களுக்கு இணை வேறில்லை. ஒவ்வொரு வகைக் கல்லும் எப்போது கிடைக்கத் தொடங்கியது என்பது பதிவான வரலாறு. எனவே இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

சிவப்பும் நீலமும்: ஆலையில் செய்த சிவப்புக்கல்லை 1902இல் பிரான்சின் அகஸ்ட் வெர்னே உலகுக்கு அறிவித்தார். கனன்ற சுடரில் பொடியை உருக்கித் துளித்துளியாகக் கல் வளர்க்கும் முறை அது. 1910 வாக்கில் நீலக்கல்லும் அதே முறையில் வந்தது. பிறகு உலகம் முழுவதும், நம் ஊர் நகைகளிலும் அந்தக் கற்கள் ஏராளமாகப் புழங்கின. லென்ஸின் கீழ் கல்லைப் பல கோணங்களில் திருப்பிப் பாருங்கள். உள்ளே வளைந்த கோடுகளும் உருண்டையான காற்றுக்குமிழிகளும் இருந்தால் அது ஆலைக்கல். நேரான அல்லது கோணமாக மடங்கும் வளர்ச்சிக் கோடுகளும், பட்டு இழை போன்ற மெல்லிய ஊசிகளும் இருந்தால் இயற்கைக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆலைக்கல் என்றால் புது நகை என்று அவசரப்பட வேண்டாம். 1920களில் செய்த நல்ல கைவேலை நகையிலும் ஆலைச் சிவப்பு இருக்கலாம். அது சொல்வதெல்லாம் 1902க்கு முந்தையது இல்லை என்பதை மட்டுமே.

வைரம்: பட்டை தீட்டிய விதத்தைப் பாருங்கள். அடிப்பக்கம் தட்டையாக, மேலே முக்கோணப் பட்டைகள் குவிந்து வரும் ரோஜாப் பட்டையும், சற்றே சதுரமான வெளிக்கோடு, உயர்ந்த மேல்பகுதி, சிறிய மேல்தளம் கொண்ட பழைய பட்டையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பரவலாக இருந்தவை. பழைய பட்டையில் கல்லின் நடுவே நேராகப் பார்த்தால் அடிமுனையைச் சீவிய சிறு வட்டம் ஒன்று தெரியும். இன்று நாம் காணும், கச்சிதமான வட்டத்தில் மின்னும் வைரத்தின் அளவு விகிதங்களை 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டு வெளியிட்டார். அதன் பிறகே அந்தப் பட்டை நிலைபெற்றது. மங்கலான எண்ணெய்விளக்கிலும் மின்னுவதற்காகத் தீட்டிய கல்லுக்கும், மின்விளக்கு யுகத்தின் கல்லுக்கும் உள்ள வேறுபாடு பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

‘ப்ளூ ஜாகர்’ வைரத்தோடு என்று பல வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்து வைரங்களால் வந்த பெயர் அது. அங்கே வைரம் கிடைக்கத் தொடங்கியது 1870இல். எனவே உண்மையான ஜாகர் கல் பதித்த தோடு அதற்கு முன் இருந்திருக்க முடியாது. நீலச் சாயல் கொண்ட எந்த வைரத்தையும் இந்தப் பெயரால் அழைக்கும் வழக்கமும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

அமெரிக்கன் டைமண்ட்: க்யூபிக் சிர்கோனியா என்ற இந்த ஆலைக்கல் 1976 முதல் சந்தையில் கிடைக்கிறது. முதலிலேயே பதித்ததாக இருந்தால் நகை 1976க்கு முந்தையதாக இருக்க முடியாது.

முத்து: உருண்டையான வளர்ப்பு முத்துக்கள் சந்தையில் பெருகியது 1920களில். முத்தின் துளைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். வெளியே மெல்லிய ஓடு, உள்ளே வேறு நிறத்தில் ஒரு மணி என்று எல்லைக்கோடு தெரிந்தால் அது வளர்ப்பு முத்து. இயற்கை முத்தில் வெளியிலிருந்து மையம் வரை வெங்காயத் தோல் போல அடுக்குகள் தொடரும். துளையும் மிகச் சிறியதாக இருக்கும். நம் கடலின் இயற்கை முத்துக்கும் ஒரு எல்லை உண்டு: தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். முத்துச்சரத்தை அடிக்கடி அவிழ்த்துக் கோப்பது வழக்கம் என்பதால், முத்தின் வயதையும் தங்கத்தின் வயதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

கல் மாற்றியிருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்? ஒரு கல்லைச் சுற்றிய தங்க விளிம்பு மட்டும் நெளிந்தோ, கீறியோ, மற்றவற்றைவிடப் பளிச்சென்றோ இருந்தால் அது இடையில் திறந்து மூடியது.

## படி 6: முத்திரைகளைத் தேடுங்கள்

நம் பழைய நகைகளில் பெரும்பாலும் முத்திரையே இருக்காது. அது குறையில்லை. இருந்தால் கீழ்க்கண்டவாறு படிக்கலாம்.

• ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் (எழுத்தும் எண்ணும் கலந்தது): 2021 ஜூலை முதல்.
• பி.ஐ.எஸ். முக்கோண முத்திரை, 916 போன்ற தர எண், சோதனை மையக் குறி, கடைக்குறி: 2000 முதல் 2021 வரை. 2016 வரை ஆண்டைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். ‘ஏ’ என்றால் 2000, ‘பி’ என்றால் 2001.
• கே.டி.எம்.: காட்மியம் கலந்து பற்ற வைத்தது. 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் பரவலாக இருந்தது. காட்மியப் புகை உடலுக்குத் தீங்கு என்பதால் பின்னர் கைவிடப்பட்டது.
• இங்கிலாந்து முத்திரை: அங்கு செய்த நகைகளில் சோதனைச் சாலையின் குறியோடு பெரும்பாலும் ஆண்டு எழுத்தும் இருக்கும். அட்டவணை பார்த்து ஆண்டையே சொல்லிவிடலாம்.
• கடைப்பெயர்: சென்னை மவுன்ட் ரோட்டின் பி. ஓர் அண்ட் சன்ஸ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெய்வ உருவங்கள் புடைத்த ‘சுவாமி’ வேலைப்பாட்டால் ஐரோப்பியரிடம் பெயர்பெற்றது. இப்படிப் பழைய நிறுவனத்தின் பெயர் நகையிலோ பெட்டியிலோ இருந்தால் அந்த நிறுவனத்தின் வரலாற்றைத் தேடிப் பாருங்கள்.

முத்திரை குத்திய ஆண்டு நகை செய்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. பழைய நகைக்கும் இன்று சோதித்து முத்திரை வாங்கலாம்.

தங்கத்தின் தரமும் ஒரு தடயம். 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்வதைத் தடுத்தன. எண்ணற்ற பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. காரட் கட்டுப்பாடு சில ஆண்டுகளில் தளர்ந்தது. 1968இல் தனிச் சட்டமாகிய தங்கக் கட்டுப்பாடு 1990இல் நீக்கப்பட்டது. வழக்கமான கல்யாண நகை ஒன்று 14 காரட்டாக இருந்தால் 1960களை ஒரு சாத்தியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

## படி 7: காசு இருந்தால் ஆண்டைப் படியுங்கள்

காசு மாலையிலோ பதக்கத்திலோ பவுன் காசு (பிரிட்டிஷ் தங்க நாணயம்) கோத்திருந்தால் அது பெரிய உதவி. ஆண்டு தேய்ந்திருந்தாலும் முகம் சொல்லும். விக்டோரியாவின் இளமை முகம் 1887 வரை. சிறு கிரீடம் வைத்த முகம் 1887 முதல் 1893 வரை. முக்காடிட்ட முதிய முகம் 1893 முதல் 1901 வரை. ஏழாம் எட்வர்டு 1902 முதல் 1910 வரை. அதன் பின் ஐந்தாம் ஜார்ஜ். 1918ஆம் ஆண்டுப் பவுன்களில் ஒரு பகுதி பம்பாய் நாணயச் சாலையிலேயே அச்சானது.

பல காசுகள் இருந்தால் மிகப் பிந்திய காசுதான் கணக்கு. நகை அந்த ஆண்டுக்குப் பிந்தியது. எவ்வளவு பிந்தியது என்பதைக் காசு சொல்லாது. பவுனைச் சேர்த்து வைத்துப் பிள்ளையின் கல்யாணத்தின்போது மாலையாக்கியவர்கள் உண்டு. இன்னொரு எச்சரிக்கை: உண்மையான பவுன் ஏறத்தாழ 7.98 கிராம். எடை மிகக் குறைந்து, எழுத்துகள் மழுங்கியிருந்தால் அது நகைக்காக அச்சடித்த போலிக் காசு, அதிலுள்ள ஆண்டை நம்ப முடியாது.

## படி 8: தேய்மானத்தைப் படியுங்கள்

உண்மையான தேய்மானத்துக்குக் காரணம் இருக்கும். கண்ணியோடு கண்ணி உரசும் இடம் மெலிந்திருக்கும். வளையலின் உட்புறம் வழுவழுப்பாகியிருக்கும். பதக்கத்தின் பின்பக்கத்தில் உயர்ந்த இடங்கள் மட்டும் மழுங்கியிருக்கும். இதழ்களின் இடுக்கில் சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் சேர்ந்த பழைய அழுக்கு இருக்கும். துணியும் தோலும் படாத இடங்கள் புதிதாகவே இருக்கும்.

கடைகளில் ‘ஆன்டிக்’ என்று விற்கும் நகைகளை இங்கே கவனிக்க வேண்டும். அங்கே அந்தச் சொல் ஒரு மெருகின் பெயர், வயதைக் குறிப்பதில்லை. அவற்றில் கருமை எல்லா இடுக்கிலும் ஒரே அளவாகப் படிந்திருக்கும். உரசவே வாய்ப்பில்லாத இடமும் மங்கியிருக்கும். உரசவேண்டிய கண்ணியோ கூர்மை குறையாமல் இருக்கும். அழகான நகைகள்தாம், ஆனால் பழைய நகை என்று விலை கொடுத்து வாங்கிவிடாதீர்கள்.

## படி 9: எல்லாவற்றையும் சேர்த்து முடிவெடுங்கள்

ஒரு கற்பனை நகையை எடுத்துக்கொள்வோம். கெம்பு அட்டிகை, ‘கொள்ளுப்பாட்டியின் நகை, 150 வருஷத்துப் பழசு’ என்பது குடும்பத்தின் நம்பிக்கை.

பின்பக்கம் மூடியது, உள்ளே அரக்கு, இதழ்கள் கைவேலை. சிவப்புக் கற்களில் பல இயற்கையானவை, இரண்டில் மட்டும் வளைந்த கோடுகள். அந்த இரண்டின் விளிம்பும் மற்றவற்றைப் போலவே தேய்ந்திருக்கிறது, திறந்து மூடிய தடயம் இல்லை. கீழே தொங்கும் முத்துக்கள் வளர்ப்பு முத்துக்கள், கோத்த கம்பி புதிது. கொக்கியில் கே.டி.எம். முத்திரை. 1931இல் எடுத்த கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் கழுத்தில் அதே அட்டிகை.

இப்போது கோடுகளைப் போடுங்கள். இரண்டு ஆலைக்கற்களும் முதலிலிருந்தே இருப்பதால் நகை 1902க்குப் பிந்தியது. படம் இருப்பதால் 1931க்கு முந்தியது. முத்தும் கொக்கியும் பழுதுபார்த்தபோது வந்தவை, அவற்றைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. அட்டிகையின் காலம் 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகள். 150 வருஷம் இல்லை, ஆனால் கொள்ளுப்பாட்டியின் நகை என்ற செய்தி உண்மையாகவே நிற்கிறது.

இரண்டு தடயங்கள் முரண்பட்டால் எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். பழுதா, கல் மாற்றமா, இரண்டு நகைகளைச் சேர்த்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதில் ஒன்றுதான் பதிலாக இருக்கும்.

## படி 10: நிபுணரிடம் எப்போது போவது?

மதிப்புள்ள கற்கள் என்று தோன்றினால் விற்பனையோடு தொடர்பில்லாத ரத்தினச் சோதனைக் கூடத்தில் அறிக்கை வாங்குங்கள். எக்ஸ்ரே இயந்திரத்தில் மாற்றுப் பார்க்கும்போது தங்க விழுக்காட்டை மட்டும் கேட்டுவிட்டு வராமல், காட்மியம் காட்டுகிறதா, எந்த இடத்தில் காட்டுகிறது என்றும் கேளுங்கள். அந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே அளக்கும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் பார்க்கச் சொல்லுங்கள். பரம்பரையாகத் தொழில் செய்யும் பத்தர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் அவர் கண்ணில் காட்டுங்கள். கருவி சொல்லாததையும் அவர் சொல்வார். ஒப்பிட்டுப் பார்க்க, உஷா பாலகிருஷ்ணனும் மீரா சுஷில் குமாரும் எழுதிய ‘டான்ஸ் ஆஃப் தி பீகாக்’, ஓப்பி அன்ட்ராக்ட்டின் ‘ட்ரெடிஷனல் ஜுவல்லரி ஆஃப் இந்தியா’ ஆகிய படங்கள் நிறைந்த இரண்டு ஆங்கில நூல்களை நூலகத்தில் தேடுங்கள்.

நகை நூறு வயதைத் தாண்டியது என்று தெரிந்தால் சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்கள் தொல்பொருள் வகையில் வரும், அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கோ மகனுக்கோ கொடுத்தனுப்பும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

## கண்டறிந்ததை எழுதி வையுங்கள்

தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளில் முதலாம் ராஜராஜன் காலத்தில் கொடுத்த நகைகள் ஒவ்வொன்றாகப் பதிவாகியிருக்கின்றன. எத்தனை முத்து, எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், என்ன எடை என்பதோடு கற்களின் குறைகளைக்கூடக் குறித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கடந்தும் அந்த நகைகளைப் பற்றிப் பேச முடிகிறது என்றால் அந்தப் பதிவுதான் காரணம்.

உங்கள் வீட்டு நகைக்கும் அப்படி ஒரு பக்கம் எழுதுங்கள். பெயர், எடை, கற்களின் எண்ணிக்கை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நீங்கள் கணித்த கால எல்லை, அதற்கான காரணங்கள், முன்பக்கப் படம், பின்பக்கப் படம். பழுதுபார்த்தால் தேதியும் என்ன மாற்றினார்கள் என்பதும். அடுத்த தலைமுறை இந்த வழிகாட்டியின் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. நகையை விற்பதா, அழிப்பதா, அணிவதா என்று முடிவெடுக்கும் நாளில், கிராம் கணக்கோடு வயதும் வரலாறும் அவர்கள் முன்னால் இருக்கும்.